சாட்சி நேரம்

ஜனவரி 14, 2024

அன்புள்ள கலா அக்காவுக்கு,

தம்பி தனேஸ்வரன் சிறையிலிருந்து எழுதுகிறேன். முன்பெல்லாம் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்லித்தான் கடிதத்தை ஆரம்பிப்பேன். இப்போது சொல்லலாமா கூடாதா என்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். முதுகில் சிரங்கு இருக்கிறது, மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் தாடை எப்படி இருக்கிறது? கறியை மெல்ல முடிகிறதா?

எனக்கு ஒரு சந்தேகம், அக்கா. மாதம் ஒருமுறை வெளியிலிருந்து ஒரு ஊழியக்காரர் எங்களுக்கு ஜெபம் நடத்த வருகிறார். ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் இரட்சிக்கப்பட்டவன்தானாம், பிடித்த கையை ஆண்டவர் விடவே மாட்டாராம். நம் பாஸ்டர் குலசிங்கமோ கோர்ட் வாசலில் என் விலங்கைப் பார்த்துக்கொண்டே, "தெரிஞ்சே விழுந்தவன மறுபடி எழுப்ப முடியாது, தனேஸ். உன் ரட்சிப்பு போச்சு," என்றார். அவர் பெரிய அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். தீர்ப்புச் சொல்லிப் பழகிய வாய்.

நான் செய்ததை மறைக்கவில்லை. லுமூட் கடலில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். கும்பலை விட்டேன், குடியை விட்டேன், செம்பனைக் குலை வெட்டப் போனேன். அன்றைக்கு உன் வீட்டு வாசலுக்கு வந்தபோது சுரேன் மச்சான் குவாலிச் சட்டியால் உன் முகத்தில் அடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்டது. கதவை உதைத்துத் திறந்தேன். நீ வெளியே ஓடிவிடாதபடி அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வழியை அடைத்து நின்றார். நிலையைப் பிடித்திருந்த அந்தக் கையில் குலை வெட்டுகிற பாராங் கத்தியால் ஒரே போடு. தரையில் விழுந்த பிறகும் அந்த விரல்கள் மடங்கி விரிந்தன. அதை மிதித்துக்கொண்டுதான் உன்னைத் தூக்கி வந்தேன்.

இதெல்லாம் உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதிப் பார்க்கிறேன். வருத்தம் வருகிறதா என்று பார்த்தேன், வரவில்லை. அதனால்தான் கேட்கிறேன், என் இரட்சிப்பு போய்விட்டதா, இருக்கிறதா? அக்டோபரில் என்னை விடுவார்கள். அதற்குள் எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

உன் தம்பி,
தனேஸ்


பிப்ரவரி 11, 2024
ஆயர் தாவார்

என் தம்பி தனேஸுக்கு,

அக்கா நலமாக இருக்கிறேன். சிரங்குக்கு வேப்பிலை கிடைத்தால் அரைத்துப் போடு, அங்கே கிடைக்காது என்று தெரிந்துதான் சொல்கிறேன். தாடை பரவாயில்லை. சோற்றைக் குழைய வேகவைத்தால் எந்தத் தாடையும் வேலை செய்யும்.

உனக்கு ஒரு செய்தி. கோபப்படாமல் படி. மச்சான் இரட்சிக்கப்பட்டுவிட்டார். உனக்கு முழுக்குக் கொடுத்த அதே கடலில் டிசம்பரில் அவருக்கும் முழுக்கு நடந்தது. ஒற்றைக் கையோடு அலையில் தள்ளாடினார், பாஸ்டர் குலசிங்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் முதலில் எழுந்திருப்பது அவர்தான். மொட்டைக் கையை உயர்த்தி, "பாவம் செஞ்ச கைய ஆண்டவர் எடுத்துக்கிட்டாரு," என்பார். சபையே அழும். பாகான் செராய், கோலா கங்சார் என்று ஊர் ஊராக ஜெபக் கூட்டங்களுக்குப் பாஸ்டர் அவரை அழைத்துப் போகிறார். எங்கே போனாலும் நானும் வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும்.

நான் ஏன் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போனேன் என்று நீ கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததற்கு நன்றி. கையில்லாத மனிதனுக்குச் சோறு போட ஆள் வேண்டும் என்று பாஸ்டர் சொன்னார், போனேன்.

நீ கேட்ட கேள்வியைப் பாஸ்டரிடம் கேட்டேன். "அவனுக்கு வழி அடைஞ்சிருச்சும்மா," என்றார். நீ அதையே நினைத்துக்கொண்டு இருக்காதே. சாப்பிடு, தூங்கு, யாரோடும் சண்டைக்குப் போகாதே.

அன்புடன் அக்கா,
கலாதேவி


மார்ச் 10, 2024

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. உடம்பைப் பற்றிக் கேட்பாய், அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பல் இரண்டு இல்லை. குளிக்கிற இடத்தில் பழைய கும்பல்காரன் ஒருவன் என் தலையைத் தொட்டி விளிம்பில் மோதினான். "ஏசு பையா, இன்னொரு கன்னத்த காட்டுலா," என்று சிரித்தான். ஒருமுறை இல்லை, சலிக்கும்வரை மோதினான். நான் கையைத் தூக்கவில்லை. வாயிலிருந்து ரத்தமும் பல்லும் கால்வாயில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பொறுமை என்று நினைத்துவிடாதே. தூக்கினால் தண்டனை நீளும், அக்டோபர் தள்ளிப்போகும்.

மச்சான் செய்தியைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன், பக்கத்துக் கட்டில்காரன் பயந்துவிட்டான். என் பாராங் ஊழியம் செய்திருக்கிறது! வெட்டியவன் கெட்டுப்போனவன், வெட்டுப்பட்டவன் இரட்சிக்கப்பட்டவன். நல்ல கணக்கு.

நான் யோசித்துப் பார்த்துவிட்டேன், அக்கா. இரட்சிப்பு போய்விட்டது என்றால் இனிமேல் போவதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. இன்னும் ஒரு வெட்டு வெட்டினாலும் அதே நரகம்தான். போகவே போகாது என்றாலும் அப்படித்தான். இன்னும் ஒரு வெட்டு வெட்டினாலும் அதே மோட்சம்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் என் கையைப் பிடித்து நிறுத்த ஆளில்லை. இது எனக்கே பயமாக இருக்கிறது.

மற்ற கதையெல்லாம் வேண்டாம். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. மச்சான் இன்னும் உன்னை அடிக்கிறாரா?

தனேஸ்


மே 19, 2024
ஆயர் தாவார்

கிறிஸ்துவுக்குள் அன்பான தனேஸ்வரனுக்கு,

உன் மச்சான் சுரேன் எழுதிக்கொள்வது. கர்த்தருடைய கிருபையால் சுகமாக இருக்கிறேன். உனக்கும் சுகம் உண்டாக ஜெபிக்கிறேன். இடது கையால் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். காரணம் உனக்குத் தெரியும்.

மார்ச்சில் நீ எழுதியதற்கு உன் அக்கா பதில் போடவில்லை என்று நீ கலங்கியிருப்பாய். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது கை முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறது. அதனால் குடும்பத் தலைவன் என்ற முறையில் நானே எழுதுகிறேன். அவளுக்குக் கவனம் போதாது. சொன்னால் கேட்கிற சுபாவமும் இல்லை.

நீ என் கையை எடுத்தாய். நான் உன்னை மன்னித்துவிட்டேன். இதை எல்லா மேடையிலும் சொல்லுகிறேன், கேட்பவர்கள் கண்ணீர் விடுகிறார்கள். உன் நிலைமையை நினைத்தால்தான் எனக்குப் பாரமாக இருக்கிறது. ஒளியைப் பார்த்துவிட்டு இருட்டுக்குப் போனவனுக்குத் திரும்பி வர வழியில்லை என்று பாஸ்டர் சொல்லுகிறார். என்ன செய்வது, அவரவர் விதைத்ததை அவரவர் அறுக்க வேண்டும்.

நீ விடுதலையானதும் இந்த வீட்டுக்கு வர வேண்டாம். விசுவாசிகள் வந்து போகிற வீடு. உன் அக்காவின் மனசைக் கலைக்கிற கேள்விகளையும் இனிமேல் எழுதாதே. உன் கடிதங்களை முதலில் நான்தான் படிக்கிறேன்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
சகோதரன் சுரேன்


மே 30, 2024

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் சுகமாக இருப்பது தெரிந்து சந்தோஷம்.

இடது கை எழுத்து நீங்கள் சொல்கிற அளவுக்கு மோசமில்லை. நன்றாகவே வந்திருக்கிறது. அந்தக் கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபரில் சந்திப்போம்.

தனேஸ்வரன்


ஜூன் 23, 2024
ஆயர் தாவார்

தம்பிக்கு,

நான்தான். கட்டைப் பிரித்துவிட்டார்கள். எழுதினால் மணிக்கட்டு வலிக்கிறது, அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். இதைப் பக்கத்து வீட்டு வீரம்மாக்கா தபாலில் போடுவார். நீ எழுதுவதானாலும் அவர் வீட்டு விலாசத்துக்கே எழுது. அவர் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவர் என்று பாஸ்டர் என்னை அவரோடு பழக விடுவதில்லை. வேலி வழியாகத்தான் பேச்சு.

மச்சானுக்கு நீ எழுதியதை அவர் பாஸ்டரிடம் காட்டினார். பாஸ்டர் அதைச் சபையில் வாசித்து, "பிசாசு எப்படிப் பணிவாப் பேசுதுன்னு பாருங்க," என்றார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் வழுக்கித்தான் விழுந்தேன், தனேஸ். தரை ஈரமாக இருந்தது. இதற்கு மேல் கேட்காதே. நீ வந்து எதையாவது செய்தால் உன்னைத் தூக்கில் போடுவார்கள். அதற்குப் பிறகு நீ எங்கே போவாய் என்பதை நினைத்தால் என்னால் முழங்காலில் நின்று ஜெபிக்கக்கூட முடியவில்லை. நான் இத்தனையும் பொறுத்துக்கொண்டு இருப்பது நீ நரகத்துக்குப் போவதற்காகவா?

பல் போன இடத்தில் உப்புத் தண்ணீர் வைத்துக் கொப்பளி.

அக்கா


ஆகஸ்ட் 11, 2024

அக்காவுக்கு,

ஈறு ஆறிவிட்டது. உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது?

போன மாதம் எங்கள் அறைக்கு ஒரு புது ஆள் வந்தான். செம்பனை லோரியில் மச்சானோடு வேலை செய்தவன், உங்கள் தெருக்காரன். நான் யார் என்று தெரியாமல் சொன்னான். "அந்த சாட்சி சொல்றவன் பொண்டாட்டியோட கைய கதவுல வச்சு சாத்துனான்லா. ஒரு தடவ இல்ல. எலும்பு முறியிற வரைக்கும். கூட்டத்துல எந்திரிச்சு, புருஷன் மாறிட்டாருன்னு அவ சொல்லலையாம், அதுக்கு." சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். நான் யார் என்று பிறகு சொன்னேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மூலைக்குப் போய்விட்டான்.

கதவு. அன்றைக்கு உன்னை வெளியே விடாமல் நின்றாரே, அதே கதவு. நான் வெட்டியது ஒரு கையைத்தான், மற்றதை விட்டுவைத்தது என் தப்பு.

"தரை ஈரமாக இருந்தது." என்னிடம் ஏன் அக்கா பொய் சொன்னாய்?

இங்கே கடிதங்களைப் படித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். இதற்கு மேல் எழுதினால் இந்தக் காகிதம் உன்னிடம் வந்து சேராது. நான் இப்போது சமையல் கட்டில் வேலை செய்கிறேன். பூசணிக்காய் வெட்டுகிறேன். அது மட்டும் சொல்கிறேன், பூசணிக்காய் நன்றாக வெட்டுகிறேன்.

இரட்சிப்பைப் பற்றி இனிமேல் உன்னிடம் கேட்க மாட்டேன். கெட்டுப்போனவன் என்று ஊரே முடிவு கட்டிய பிறகு நான் மட்டும் ஏன் பயப்பட வேண்டும்?

தனேஸ்


செப்டம்பர் 17, 2024
வீரம்மாக்கா வீடு, ஆயர் தாவார்

என் செல்லத் தம்பிக்கு,

இதை உட்கார்ந்து படி. நான் உயிரோடு இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெற்றியில் ஒன்பது தையல். இடது காது கொஞ்சம் மந்தம். பேசினால் கேட்கிறது.

உன் ஆகஸ்டு கடிதத்தை வீரம்மாக்கா வேலி மேல் கொடுத்தார். படித்துவிட்டு அப்படியே கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டேன். "ஏன்டி, தம்பி வந்து வெட்டுற வரைக்கும் அடி வாங்கிக்கிட்டே இருக்கப் போறியா?" என்றார் வீரம்மாக்கா. அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் வாயை மூடிக்கொண்டு உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் மூடிய ஒவ்வொரு நாளும் உன் கத்தியைத்தான் தீட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரம். மச்சான் வழக்கம்போல மைக்கை வாங்கினார், மொட்டைக் கையைத் தூக்கினார். "பழைய சுரேன் செத்துட்டான், அல்லேலூயா!" என்றார். சபை பதில் சொல்வதற்குள் நான் எழுந்தேன். பெண்கள் பக்கத்தில் எல்லாரும் சிரித்த முகமாகத் திரும்பினார்கள், கடைசியில் இவளும் வாய் திறந்தாள் என்று. சாட்சி சொல்ல எழுந்தவரை யாரும் தடுப்பதில்லை, அது நம் சபை வழக்கம். அதுதான் எனக்கு உதவியது.

"நான் வழுக்கி விழல. இவரு என் கைய கதவுல வச்சு சாத்துனாரு. முழுக்கு எடுத்து நாலு மாசத்துல," என்றேன். புடவைத் தலைப்பை விலக்கி, கோணலாகக் கூடிய மணிக்கட்டைக் காட்டினேன். முதுகில் பெல்ட் தடம் இருக்கிறது, பார்க்க விரும்புகிற சகோதரிகள் பின்னறைக்கு வரலாம் என்றும் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை, தனேஸ். எனக்கே ஆச்சரியம்.

அவர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். நடந்துதான் வந்தார், ஓடவில்லை. இடது கையில் மைக் இருந்தது. அதாலேயே நெற்றியில் அடித்தார். ஸ்பீக்கரில் 'டம்' என்று மண்டபமே அதிர்ந்தது. விழுந்தேன். மறுபடி அடித்தார். ஒவ்வொரு அடியும் ஸ்பீக்கரில் கேட்டது. என் வெள்ளைப் புடவை மார்புவரை சிவந்துவிட்டது. ஆண்கள் பக்கத்தில் அத்தனை பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாஸ்டர், "சகோதரா, சகோதரா," என்று மட்டும் சொன்னார். நான் எழுந்தால் அடி விழும் என்று தெரிந்து, என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்கென்று வெளியே காத்திருந்த வீரம்மாக்காதான் செருப்புக் காலோடு உள்ளே வந்து, இரும்பு நாற்காலியை மடக்கி மச்சானின் முழங்காலில் ஒரு போடு போட்டார். அவர் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் ஆண்களுக்குக் கால் வந்தது.

போலீசில் ரிப்போர்ட் செய்தேன். மச்சானை மூன்று நாள் உள்ளே வைத்தார்கள். இப்போது ஜாமீனில் இருக்கிறார். என் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு வாங்கியிருக்கிறேன். அவர் இப்போது ஈப்போ புந்தோங்கில், பாஸ்டர் வீட்டுப் பின்னறையில் இருக்கிறார். இதை நீ வேறு யார் வாயிலாவது கேட்பதைவிட என்னிடமே கேட்டுக்கொள்.

தையல் போட்ட மறுநாள் பாஸ்டர் வந்தார். நான் உன் கேள்வியைத்தான் கேட்டேன்.

"இவரு ரட்சிப்பு போச்சா, பாஸ்டர்?"

"அப்பிடிச் சொல்லக்கூடாது, கலா. அவர் இடறிட்டார். கிருபை அவரைத் தாங்கும்."

"என் தம்பியும் ஒரு தடவதானே இடறுனான்? அவனுக்கு மட்டும் எப்பிடிப் போச்சு?"

பாஸ்டர் வீட்டுக் கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், ஜெபித்துவிட்டு எழுந்து போய்விட்டார். போவதற்கு முன், புருஷனைச் சபையில் அவமானப்படுத்தியதற்காக எனக்கு ஒழுங்கு நடவடிக்கை என்றார். இனி எனக்குப் பின் பெஞ்சுதான். திருவிருந்து அப்பத் தட்டு என்னைத் தாண்டிப் போகும். அப்படியும் போகிறேன். போன ஞாயிறு தட்டு தாண்டிப் போனது. நான் எழுந்து போகவில்லை.

ஆகவே, உன் கேள்விக்கு அவரிடம் இரண்டு பதில் இருக்கிறது. தன் மேடைக்கு வேண்டியவன் என்றால் ஒரு பதில், வேண்டாதவன் என்றால் ஒரு பதில். நான் படித்தவள் இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். நிலையைப் பிடித்திருந்த கையை நீ வெட்டியபோது நான் வெளியே வர வேறு வழி இல்லை. இப்போது நானே வந்துவிட்டேன். எனக்காக நீ வெட்ட வேண்டிய கை இனி எதுவும் இல்லை. அதற்குப் பிறகும் நீ வெட்டினால் அது எனக்காக இல்லை, உன் ஆசைக்காக.

இன்னொன்றும் சொல்கிறேன், கேட்டுக்கொள். எழுந்து நின்று சாட்சி சொல்ல நான் கற்றுக்கொண்டுவிட்டேன். மச்சான்மேல் நீ கை வைத்தால் கோர்ட்டில் உனக்கு எதிராகவும் எழுந்து நிற்பேன். அழுதுகொண்டே நிற்பேன், ஆனால் நிற்பேன்.

வீரம்மாக்கா உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். வந்தால் நண்டுக் குழம்பாம்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா


அக்டோபர் 6, 2024

என் அக்காவுக்கு,

உன் நெற்றித் தையலைப் பிரித்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். காதுக்கு நல்ல டாக்டரைப் பார். நான் நன்றாக இருக்கிறேன். சமையல் கட்டு வேலை வேண்டாம் என்று நானே கேட்டு மாற்றிக்கொண்டேன். இப்போது தரை கழுவுகிறேன். இந்தக் கடிதத்தை அதிகாரிகள் கண்ணில் படாமல் ஊழியக்காரர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்த அன்று சுவரில் குத்தினேன், தோல் கிழிகிறவரை. 'டம்' என்று ஸ்பீக்கரில் கேட்டது என்று எழுதியிருந்தாயே, அது எனக்கு இங்கே கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்புறம் எனக்கு எதிராக எழுந்து நிற்பேன் என்றாயே, அதைப் படித்தேன். அம்மா போன பிறகு நான் அப்படி அழுததில்லை. என் நரகத்தைப் பற்றி ஊரில் எல்லாரும் பேசினார்கள். அதன் வாசலில் வந்து நிற்கிறேன் என்றது நீ ஒருத்திதான்.

இந்த மாதம் 24, வியாழக்கிழமை, காலையில் என்னை விடுகிறார்கள். ஈப்போவுக்கு ஒரு பஸ். மேடான் கிட் நிலையத்தில் இறங்கி, ஆயர் தாவாருக்கு வேறு பஸ் மாற வேண்டும். புந்தோங் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அந்த வீடு எனக்குத் தெரியும், பின்னறைக் கதவும் தெரியும். அதற்குத் தாழ்ப்பாள் சரியாக விழாது.

செய்ய மாட்டேன் என்று சத்தியம் பண்ணி எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. ஒரு பஸ் இறங்கி அடுத்த பஸ் ஏறுகிறவரை எனக்கு என்மேல் நம்பிக்கை இல்லை, அக்கா. பிடித்த கையை ஆண்டவர் விடமாட்டார் என்று அந்த ஊழியக்காரர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். இருக்கலாம். ஆனால் அன்றைக்கு எனக்குக் கண்ணால் பார்க்கிற கை வேண்டும்.

ஆகவே நீ வா. நான் வருவதற்கு முன்னாலேயே வந்து நில். பஸ் கதவு திறந்ததும் பேச வேண்டாம், அழ வேண்டாம், முதலில் என் கையைப் பிடித்துக்கொள். கூடிய மணிக்கட்டு வலிக்கும், தெரியும். வலித்தாலும் ஆயர் தாவார் வரும்வரை விடாதே. ஞாயிற்றுக்கிழமை பின் பெஞ்சில் நானும் உட்காருகிறேன், தட்டு நம் இரண்டு பேரையும் தாண்டிப் போகட்டும்.

வலது கையைப் பிடி. அதுதான் கெட்ட கை.

உன் தம்பி,
தனேஸ்